வீட்டில் செய்த கிட்டார் பெடல் பவர் சப்ளையில் 9 வோல்ட்டுக்குப் பதிலாக 7 வோல்ட்தான் வருகிறது. வெளியே 9 வோல்ட்டை நிலையாகத் தர வேண்டிய 7809 ஐசியை இருமுறை மாற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

நீங்கள் இருமுறை மாற்றினீர்கள். நான் மூன்று முறை மாற்றினேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்தும் பாராமல் போக மனம் வரவில்லை.

நான் மின்னணுவியல் படித்தவன் அல்லன். கோத்தகிரியில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறவன். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், எதிரொலி சேர்க்கும் டிலே ஆகிய இரண்டு பெடல்களுக்காக 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள் (இவை சேர்ந்ததுதான் பிரிட்ஜ்), அந்த டிசியைச் சமப்படுத்தும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7809 எல்லாவற்றையும் ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் பொருத்தியிருந்தேன். பகலில் குறையேதும் தெரியாது. டிசம்பரில், கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிக்கு மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மட்டும் டிலே பெடலின் விளக்கு மங்கும். ஸ்பீக்கரில் ரீங்காரம் ஏறும். எர்த் சரியில்லை என்றார் ஒருவர். பனியில் ஜாக் துருப்பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். போலி ஐசி என்று நானே முடிவுகட்டி மாற்றிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு இறங்கினேன். பழுது பார்ப்பவரின் மேசையில் அது அப்பழுக்கில்லாமல் ஒன்பது வோல்ட் காட்டியது. அவர் கேட்டது ஒன்றுதான்: “ராத்திரி உங்க ஊர்ல கரண்ட் எவ்வளவுங்க வரும்?” நான் அளந்ததே இல்லை.

அன்றிரவு, தெருவெங்கும் கீசரும் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், சுவர் பிளக்கில் 230க்குப் பதிலாக 178 வோல்ட்தான் இருந்தது. இரண்டு பெடல்களையும் இணைத்தபடியே அளந்தபோது டிரான்ஸ்ஃபார்மர் 7.3 வோல்ட் ஏசி தந்தது. அதை 1.414ஆல் பெருக்கினால் உச்ச அளவு 10.3, பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகள் சேர்ந்து 1.4 வோல்ட்டை விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது 8.9, கெப்பாசிட்டரின் ஏற்ற இறக்கமும் கழிந்து மீட்டரில் எட்டரை. ஒன்பது வோல்ட் தர 7809க்கு உள்ளே ஏறத்தாழ 11 வோல்ட் வேண்டும். எட்டரையை வாங்கிக்கொண்டு அது ஏழு வோல்ட்டைத்தான் தர முடியும். அதில் ஐசியின் குற்றம் எதுவுமில்லை.

ஆகவே, உங்கள் பெடலைக் கழற்றாமல், தொல்லை தருகிற அதே வேளையில், கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். லோடு இல்லாத, அதாவது பெடலை இணைக்காமல் எடுத்த, அளவை நம்பவே கூடாது. அங்கே 11க்குக் கீழே இருந்தால் ஐசியைத் தொட வேண்டாம். வீட்டு மின்சாரம் 230க்குப் பக்கத்தில் இருந்தும் அங்கே குறைகிறது என்றால் பிரிட்ஜில் ஒரு டையோடு போயிருக்கலாம், அல்லது கெப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். அங்கே 13 இருந்து ஐசியின் வெளிமுனையிலும் ஒன்பது இருந்து, பெடலில் மட்டும் குறைந்தால் நடுவிலுள்ள வயரையும் பற்றவைப்பையும் பாருங்கள்.

நான் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறினேன். 12 போதுமே, இது வீண் சூடு என்று சிலர் சொல்வார்கள். சமவெளியில் அது சரியாக இருக்கலாம். 178 வோல்ட்டில் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கணக்குப்படி 11.7 வரைதான் ஏறும். ஏற்ற இறக்கத்தில் அதுவும் 11க்குக் கீழே இறங்கிவிடும். பகலில் மின்சாரம் முழுதாக வரும்போது சூடு கூடும் என்பது உண்மையே. அதற்காக ஐசிக்குச் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் போட்டேன், கெப்பாசிட்டரையும் 35 வோல்ட் தாங்குவதாக மாற்றினேன். ரெடிமேட் அடாப்டர் வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதில் அல்ல. டப்பாவைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், அளக்கும்போது மட்டும் செருகுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் சுவர் மின்சாரம் நுழையும் பக்கம் 230 வோல்ட், அதைத் தொடாதீர்கள்.

கழற்றி எறிந்த மூன்று ஐசிகளையும் குப்பைக் கூடையிலிருந்து தேடி எடுத்துச் சோதித்தேன். மூன்றுமே நல்லவை. அவற்றில் ஒன்றுதான் இப்போது அந்த டப்பாவில் ஓடுகிறது.