சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனிக்கு எந்தப் பதிவைத்தான் வாங்குவது?

"சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனிக்கு எங்கு பார்த்தாலும் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாரும் வாசிப்பது ஒரே நோட்டைத்தானே? பிறகு எதற்கு இத்தனை சண்டை, எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியின் பின்பாதி அல்ல, முன்பாதிதான். என் மைத்துனர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரியைப் பார்த்துவிட்டு, "அத்தான், ஒரே பாட்டை இத்தனை தடவை காசு கொடுத்து வாங்கிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை" என்பார். ஒரே கீர்த்தனையை நான்கு வித்வான்கள் பாடிக் கேட்டு, யாருடைய நிரவல் உயர்ந்தது என்று காப்பி ஆறும்வரை வாதாடுகிறவர் அவர். அவரிடம் சொல்லி ஓய்ந்ததை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர், கைப்பேசியில் ஒரு செயலியும் ஒரு நல்ல காதணி ஒலிப்பானும் வைத்திருப்பவர், "தலைசிறந்த பத்துப் பதிவுகள்" வகைப் பட்டியல்களைப் படித்துக் குழம்பியவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டியல்களை மூடி வைத்துவிடுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி இசைக்குழுவுக்காக நான்கு பகுதிகளில் எழுதிய இந்தச் சிம்பொனியின் பதிவுகளை ஒப்பிடுவதற்குக் கடைசிப் பகுதியும் அதற்குள் நுழையும் வாசலும் போதும் என்பது என் கருத்து. மற்ற மூன்று பகுதிகளையும் நன்றாக வாசித்துவிட்டு நான்காவதில் கோட்டைவிட்ட பதிவுகள் நிறைய உண்டு. நான்காவதில் வென்று முதல் மூன்றில் முற்றிலும் தோற்ற பதிவு ஒன்றையும் நான் கேட்டதில்லை.

வாசல் என்று நான் சொல்வது மூன்றாம் பகுதியின் முடிவை. அது ஓர் அணிவகுப்பு இசை. எட்டரை நிமிட அளவில் படிப்படியாக ஏறி, முழு இசைக்குழுவும் தாள வாத்தியங்களும் சேர்ந்து இடித்து முழக்கி, எந்தச் சிம்பொனியும் இத்தோடு முடிந்தது என்று எவரும் நம்பும்படி நிற்கும். ஆனால் அது முடிவல்ல. அடுத்து வருவது "அடாஜியோ லாமென்டோசோ", மெதுவாகப் புலம்பி, ஒலி தேய்ந்து அடங்கும் பகுதி. அக்காலத்துச் சிம்பொனிகள் ஆரவாரத்தோடு முடிவதுதான் வழக்கம். சைக்கோவ்ஸ்கி 1893 பிப்ரவரியிலேயே, இதன் இறுதிப் பகுதி ஆரவாரமான துரித இசையாக இராது, நீண்டு செல்லும் மெதுவான இசையாகவே இருக்கும் என்று தன் சகோதரியின் மகன் தாவிதோவுக்கு எழுதிவிட்டார். எனவே இது தற்செயலாக நேர்ந்தது அல்ல, கட்டடத்தின் வரைபடத்திலேயே இருந்தது.

இந்த இடத்தில் எனக்கொரு மனக்குறை உண்டு. அலுவலக வேலையாக ஜெர்மனியில் தங்கியிருந்த காலத்தில், ஒரு நகரத்து அரங்கில் இதே சிம்பொனியை நேரில் கேட்டேன். மூன்றாம் பகுதி முடிந்ததும் என்னைப் போலவே பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் என் முழங்கையை இரண்டு விரலால் தொட்டு, இங்கே அப்படிச் செய்வதில்லை என்றார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. நிகழ்ச்சி முடிந்து மேலங்கி வாங்கும் வரிசையில் என் பின்னால் நின்றுகொண்டு, பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது ஏன் நாகரிகமல்ல என்று தம் மனைவிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கோவ்ஸ்கி வாழ்ந்த காலத்தில் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது சாதாரணம், இந்த மௌன ஒழுங்கு பின்னால் வந்து படிந்தது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் அன்று இல்லை. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் பாட்டு முடியும்வரை காத்திருக்காமல் கைதட்டிப் பழகிய ஊரிலிருந்து போனவனுக்கு அந்த அணிவகுப்பு முடிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எவ்வளவு சிரமம் என்பதையும் அவருக்குச் சொல்லியிருக்கலாம். "அரங்க மரியாதை தெரியாதவர் சிம்பொனிக்கு விமர்சனம் எழுத வந்துவிட்டார்" என்று கருத்துப் பகுதியில் எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அந்தக் கைதட்டலைத் தூண்டுவதே இசையின் வேலை, அதைப் பொய்யாக்குவது அடுத்த பகுதியின் வேலை என்பதுதான் என் வாதம். தட்ட எழுந்த கை தட்டாமல் அந்தரத்தில் நிற்கும்படி இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர்கள் சிலர் இடைவெளியே விடாமல் புலம்பலுக்குள் பாய்ந்துவிடுவார்கள். பதிவுகளில் இந்த இடைவெளி எத்தனை நொடி என்று கவனியுங்கள். சில இலவசச் செயலிகள் இந்த இடத்தில் ஒரு விளம்பரத்தைச் செருகுகின்றன. அதற்கு அந்த முதியவரே தேவலை.

இனி இறுதிப் பகுதியின் முதல் அடிக்கு வருவோம். "எல்லாரும் வாசிப்பது ஒரே நோட்டுத்தானே" என்பதற்கு நான் வைத்திருக்கும் விடை இதுதான். தொடக்கத்தில் இறங்கிவரும் அந்தப் புலம்பலை நீங்கள் தெளிவாகக் கேட்கிறீர்கள் அல்லவா? அதை இசைக்குழுவில் யாரும் வாசிக்கவில்லை. முதல் வயலின்கள் ஒரு சுரம், இரண்டாம் வயலின்கள் அடுத்த சுரம் என்று மெட்டை மாற்றி மாற்றிப் பங்கிட்டு எழுதியிருக்கிறார் சைக்கோவ்ஸ்கி. தனியே வாசித்தால் இரண்டு அணிகளின் வரியும் அர்த்தமில்லாமல் எகிறிக் குதிக்கும். இரண்டும் சேரும்போதுதான் கேட்பவரின் காதில் மெட்டு உருவாகிறது. அதே மெட்டு பிறகு திரும்பி வரும்போது இந்தப் பங்கீடு இல்லை, முதல் வயலின்களே முழுதாக வாசிக்கின்றன.

இதில்தான் பதிவுகள் பிரிகின்றன. அக்கால வழக்கப்படி முதல் வயலின்கள் நடத்துநருக்கு இடப்புறமும் இரண்டாம் வயலின்கள் வலப்புறமும் எதிரெதிரே உட்காருவார்கள். இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலான இசைக்குழுக்கள் இரண்டு அணிகளையும் இடப்புறமே சேர்த்து உட்காரவைத்தன. பழைய முறையில் உட்கார்ந்து வாசித்த ஸ்டீரியோ பதிவைக் காதணி ஒலிப்பானில் கேட்டால், ஒவ்வொரு சுரத்துக்கும் மெட்டு இடக்காதிலிருந்து வலக்காதுக்கும் அங்கிருந்து இங்குமாகத் தாவி, நிலைகொள்ளாத ஓர் அழுகையாகிறது. சேர்ந்து உட்கார்ந்தால் அதே சுரங்கள் ஒரே திசையிலிருந்து வழுவழுப்பான ஒற்றை மெட்டாக வருகின்றன. எழுதிய நோட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, நாற்காலிகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. என் மைத்துனரை உட்காரவைத்து, ஒரு காதில் மட்டும் ஒலிப்பானை மாட்டி, ரஷ்ய நடத்துநர் ம்ராவின்ஸ்கியின் 1960ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து இந்த அடியைப் போட்டுக்காட்டினேன். "என்ன இது, பல்லு போன மாதிரி விட்டுவிட்டு வருகிறது" என்றார். மறுகாதையும் மாட்டியதும் பேசவில்லை. அன்று முழுக்க அலமாரியைப் பற்றியும் பேசவில்லை.

எவ்கெனி ம்ராவின்ஸ்கி லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பில்ஹார்மோனிக் இசைக்குழுவை 1938 முதல் 1988இல் இறக்கும்வரை வழிநடத்தியவர். வயலின்களை எதிரெதிரே உட்காரவைக்கும் முறையை அவர் கைவிடவில்லை. இந்தச் சிம்பொனி 1893 அக்டோபர் 28 அன்று சைக்கோவ்ஸ்கியே நடத்த முதலில் ஒலித்த பீட்டர்ஸ்பர்க் அரங்கம்தான் பின்னாளில் இவர்களுடைய சொந்த அரங்கமானது. ஆனால் டாய்ச்ச கிராமஃபோன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960இல் பதிவு செய்தது வியன்னாவில். இறுதிப் பகுதி ஏறத்தாழப் பத்து நிமிடம். அழுகையைக் காட்டி அனுதாபம் தேடாத வாசிப்பு அது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. பித்தளை வாத்தியங்களில் அந்தக்கால ரஷ்யக் குழுக்களுக்கே உரிய அதிர்வும் கரகரப்பும் இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதற்காகவே பிடிக்கும்.

இதற்கு நேரெதிர்த் துருவம் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1986இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவு. மற்றவர்கள் பத்து, பதினொரு நிமிடத்தில் முடிக்கும் இறுதிப் பகுதி இவரிடம் பதினேழு நிமிடத்தைத் தாண்டுகிறது. வேகத்தைக் குறிக்க நோட்டில் நிமிடத்துக்கு 54 அடி என்று எண்ணே இருக்கும்போது இது அத்துமீறல் என்று சொல்பவர்களை மறுக்க முடியாது. ஆயினும் "நீண்டு செல்லும் மெதுவான இசை" என்று ஆசிரியரே சொன்னதை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அந்த வேகத்திலும் வயலின்களின் வில் எங்கும் தளர்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கேட்கலாம். இதையே முதலில் கேட்டுவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் ரயிலுக்கு நேரமானவர்கள்போலத் தோன்றுவார்கள், ஆகவே முதலில் கேட்க வேண்டாம்.

ஆஸ்திரிய நடத்துநர் காரயான் இதை ஸ்டூடியோவில் மட்டும் ஏழு முறை பதிவு செய்தார், 1939இல் தொடங்கி 1984 வரை. "காரயானுடையது எப்படி" என்று கேட்பவர்கள் எந்தக் காரயான் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். பெர்லினில் 1964இல் செய்தது அழகு. பெர்லினிலேயே 1971இல் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்தது அதைவிடக் கொதிப்பானது, ஏழில் ஒன்றுதான் வேண்டும் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஃபுர்ட்வாங்லர் 1938இல் பெர்லின் குழுவோடு செய்தது 78 சுழற்சி இசைத்தட்டுகளில் வந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடச் சொச்சத்துக்கு மேல் கொள்ளாது என்பதால் வாசித்து, நிறுத்தி, மறுபடி அதே சூட்டில் தொடங்க வேண்டும். அப்படித் துண்டு துண்டாக வாசித்தார்கள் என்று சொன்னால்தான் தெரியும். இரைச்சல் உண்டு. அதைப் பொறுக்க முடியாதவர்களை நான் வற்புறுத்தமாட்டேன்.

ஃபெரென்ச் ஃப்ரிச்சாய் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பட்டியல்களில் அவர் பெயர் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. கடும் நோயிலிருந்து எழுந்து வந்து 1959இல் பெர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழுவோடு இதை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அது அவர் இருக்கும்போது வெளிவரவே இல்லை. அவர் 1963இல், ஐம்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தார், பதிவு வெளிவந்தது 1996இல். மெதுவான வாசிப்புத்தான், ஆனால் பெர்ன்ஸ்டைனைப்போலத் தன் துக்கத்தைக் கேட்பவர் முன் விரித்துக் காட்டுவதில்லை. இறுதிப் பகுதியின் பிற்பாதியில் டாம்-டாம் என்னும் பெருங்கோங்கு ஒரே ஒரு முறை மெல்ல ஒலிக்கும். சிம்பொனி முழுவதிலும் அதற்கு அந்த ஓர் அடிதான், உடனே டிராம்போன், டூபா என்னும் பித்தளை ஊதுவாத்தியங்கள் தாழ்ந்த குரலில் தொடரும். அந்த அடியை எவ்வளவு மெல்ல அடிக்கிறார்கள், அதன் அதிர்வு அடங்கும்வரை டிராம்போன்காரர்கள் பொறுக்கிறார்களா என்று கேளுங்கள். ஃப்ரிச்சாய் பதிவில் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் இடம் அது.

புதியவற்றில் குரென்ட்சிஸ் மியூசிக்ஏட்டர்னா குழுவோடு செய்து 2017இல் வெளியிட்டதைப் பற்றிப் பெரிய கூச்சல் எழுந்தது. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே அவர் வைக்கும் தூரம் மலைக்கவைக்கும், ஆனால் சில இடங்களில் இசையைவிட நடத்துநர்தான் அதிகம் கேட்கிறார். கிரில் பெட்ரென்கோ 2017இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு நடத்தியதை அந்தக் குழுவே பிறகு வெளியிட்டது. எந்த வாத்தியமும் மற்றொன்றை மறைக்காத சுத்தமான வாசிப்பு.

முதல் பகுதியில் ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். நடுவில் கிளாரினெட் தேய்ந்து தேய்ந்து, கடைசி நான்கு சுரங்களைப் பாசூன் என்னும் தாழ்குரல் ஊதுவாத்தியத்திடம் ஒப்படைக்கும். அங்கே மெல்லிய ஒலியில் என்பதற்கான குறியை ஆறு முறை எழுதியிருக்கிறார் சைக்கோவ்ஸ்கி. பாசூனின் அடிக்குரலை அவ்வளவு மெல்ல ஊதுவது கடினம் என்பதால் பலர் அந்த நான்கு சுரங்களைப் பாஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதைக் குற்றம் என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்த நொடி முழுக் குழுவும் இடியாக விழும், அந்த இடி விழுவதற்குமுன் ஒலி இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வர வேண்டும், அதுதான் முக்கியம். காதில் எதுவும் விழவில்லையே என்று ஒலியளவைக் கூட்டிவைத்தீர்களானால் தூக்கிவாரிப்போடும். செயலியில் ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் பகுதி ஐந்து அடிகளில் ஓடும் நடன இசை. ஐந்தும் இரண்டு, மூன்று என்று பிரிவதால் தக தகிட என்று கண்டசாபு போட்டுக்கொண்டே கேட்கலாம். அதைக் கெடுத்தவர் அதிகம் பேர் இல்லை.

இதை ஒரு மரண சாசனமாகவே காட்டும் இசைத்தட்டு உறைக் குறிப்புகளை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் கழித்து அவர் இறந்தது உண்மைதான், காலரா என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் இசையை எழுதி முடித்தது அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, தாம் எழுதியவற்றில் இதுவே சிறந்தது என்ற பெருமையோடு. சாவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாசிப்பதுபோல முதல் அடியிலிருந்தே மூக்கைச் சிந்தும் நடத்துநர்களிடம் அந்த மூன்றாம் பகுதி எடுபடுவதில்லை, அது எடுபடாவிட்டால் நான்காவதும் எடுபடாது.

காசு ஒன்றுக்குத்தான் என்றால் ம்ராவின்ஸ்கி 1960. அதே பெட்டியில் நான்காவது, ஐந்தாவது சிம்பொனிகளும் சேர்ந்தே கிடைக்கும். இரண்டுக்கு இருக்கிறது என்றால் ஃப்ரிச்சாய் 1959. பெர்ன்ஸ்டைனை நண்பரிடம் இரவல் வாங்குங்கள்.