இரவு 9 மணிக்கு மேல் வரும் கேள்விகள்

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஓர் ஐடி நிறுவனத்தில் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். வயது 39. கிளையன்ட் நியூஜெர்சியில். அவர்களோடு மாலை 6.30க்குத் தொடங்கும் கால் முடிய 9 ஆகிறது. அதற்குப் பிறகும் டீமிலிருந்து மெசேஜ் ஓய்வதில்லை. மனைவியும் வேலைக்குப் போகிறார். நாலாம் வகுப்பு படிக்கும் மகளோடு பேச நேரமே இல்லை. பேட்மின்டன் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வேலையை விடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் டைம்டேபிள் போட்டு ஆரம்பிக்காதீர்கள். 'மெசேஜ் ஓய்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பதில் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை, கேள்வி உங்களைத் தேடி வீட்டுக்கே வரும்.

அதனால் முடிவுகளை எழுதி வையுங்கள். 2011-ல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் முன்வைத்த ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட், அதாவது டிசைன் முடிவைப் பதிவு செய்யும்) குறிப்பு இதற்கென்றே இருக்கிறது. தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவு. ஒன்றிரண்டு பக்கம் போதும். சர்வீஸ்களுக்கு இடையே செய்தி கடத்தும் காஃப்கா, ராபிட்எம்க்யூ என்ற இரண்டு மென்பொருளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஆர்டர் சர்வீஸுக்கு காஃப்கா. காரணம்: பழைய நிகழ்வுகளை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளைவு: அதைப் பராமரிக்க ஆபரேஷன்ஸ் டீமில் இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும்.' இப்படி எழுதி, கோட் சேமித்து வைத்திருக்கும் ரெப்போவிலேயே போட்டுவிட்டால், 'ஏன் ராபிட்எம்க்யூ வேண்டாம்?' என்று புதிதாக வந்த பையன் ராத்திரி உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, எந்த முடிவு உங்களிடம் வர வேண்டும் என்று கோடு போடுங்கள். ஒரே நாளில் திருப்பிக்கொள்ளக்கூடியது எதுவோ, அதை டீம் லீடே முடிவு செய்து காலையில் சொன்னால் போதும். டேட்டா மாடல், வெளியாரின் மென்பொருள் நம்முடையதோடு பேசக் கொடுக்கும் ஏபிஐ, பாதுகாப்பு, பெரிய செலவு: இவை மட்டும் உங்களுக்கு. லீட் சில சமயம் தப்பு செய்வார், செய்யட்டும். நான் பல வருடம் இதை விட்டுக்கொடுக்காமல் இருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மகன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், நான் 'ம்ம்' போட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்தி, "இப்ப நான் என்னப்பா சொன்னேன்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தலைக்குள் ஒரு டேட்டாபேஸ் டேபிள் டிசைன் ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்க்கிடெக்டுக்கு லேப்டாப்பை மூடினாலும் வேலை மூடாது. மூடுவதற்கு முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எங்கே நிறுத்தினேன், எதில் சந்தேகம், நாளைக்கு முதலில் எதைத் தொடுவேன். காகிதத்தில் இறக்கிவைத்த பிறகு மனசு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. என் அனுபவத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

கால் விஷயத்தைக் கிளையன்ட்டிடம் நேராகப் பேசுங்கள். அவர்கள் காலை 9 மணிக்கு ஆரம்பிப்பதை 8.30 ஆக்கினால் உங்களுக்கு மாலை 6. தினமும் இரண்டரை மணி நேரம் உட்காருவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் டிசைனுக்கென்று ஒதுக்கி, மற்ற நாள் அரை மணியில் முடிக்கலாம். இதை அக்டோபருக்குள் பேசிவிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதே கால் இங்கே 7.30க்குப் போய்விடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். மகளின் சாப்பாட்டு நேரம் முழுசாக அதில் போய்விடும்.

சாட் நோட்டிஃபிகேஷனை 9 மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். புரொடக்ஷன், அதாவது பயன்பாட்டில் ஓடும் சிஸ்டம், விழுந்தால் ஆன்-கால் முறையில் (அவசரத்தைக் கவனிக்கும் முறையில்) இருப்பவர் போன் செய்யட்டும். ஆன்-கால் பட்டியலில் எல்லா வாரமும் உங்கள் பெயரே இருக்கக் கூடாது.

பேட்மின்டனைக் காலைக்கு மாற்றுங்கள். கிளையன்ட் தூங்கப் போகும் நேரம் நமக்குக் காலை. அந்த வேளையில் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். 6 முதல் 7 வரை கோர்ட், பிறகு மகளைப் பள்ளியில் விடுவது உங்கள் பொறுப்பு. கால் நீண்ட நாளுக்கு மறுநாள் 11 மணிக்கு வேலை தொடங்குவதாக மேனேஜரிடம் சொல்லி காலண்டரில் போட்டுவிடுங்கள். மனைவியின் ஆபீஸில் வேலை நெருக்கும் வாரம் எது என்று கேட்டு, அந்த வாரம் உங்கள் இரவு கால்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். போன வாரம் 9 மணிக்கு மேல் வந்த மெசேஜ்களைப் புரட்டிப் பாருங்கள். எந்தக் கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறதோ, முதல் ஏடிஆர் அதற்குத்தான்.