ஆக்சஸ் ஆப்பில் ஷார்ட்கட்களை முடக்குவது: கேள்வி பதில்

மைக்ரோசாப்ட் ஆக்சஸில் (தகவல்களை டேபிள்களில் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) சொந்தமாக ஆப் செய்து கொடுப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மருந்துக் கடைக்கு ஸ்டாக் ஆப் செய்தேன். கடைப் பையன் எஃப்11 அழுத்தி டேபிளுக்குள் போய்விடுகிறான். என்ன செய்வது?

ஃபைல், ஆப்ஷன்ஸ், கரண்ட் டேட்டாபேஸ் போங்கள். ‘யூஸ் ஆக்சஸ் ஸ்பெஷல் கீஸ்’ டிக்கை எடுங்கள். எஃப்11, கோட் எழுதும் ஜன்னலைத் திறக்கும் கண்ட்ரோல்+ஜி, ஆல்ட்+எஃப்11 எல்லாம் அடங்கிவிடும். டேபிள்களைப் பட்டியலிடும் நேவிகேஷன் பேன் டிக்கையும் எடுத்து, கோப்பை மூடித் திறங்கள்.

கேள்வி: எடுத்தேன் அண்ணா. ஆனால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு திறந்தால் எல்லாம் பழையபடி தெரிகிறதே?

ஷிஃப்ட் அந்த அமைப்புகளையே தாண்டிவிடும். ‘அலவ் பைபாஸ் கீ’ என்ற பிராபர்ட்டியை (கோப்பின் ஓர் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்க வேண்டும். அது முதலில் கோப்பில் இருக்காது, விபிஏ கோடில் (ஆக்சஸுக்குள் எழுதும் நிரல்) கிரியேட் பிராபர்ட்டி கொண்டு உருவாக்க வேண்டும். அடுத்த முறை திறக்கும்போதுதான் வேலை செய்யும். தயவுசெய்து நகலில் செய்யுங்கள். மாட்டிக்கொண்டால், வேறொரு ஆக்சஸ் கோப்பிலிருந்து இதை கோட் மூலம் திறந்து ட்ரூ என்று மாற்றலாம். விவரம் தெரிந்த எவரும் இதையே செய்யலாம் என்பதால், இது தாழ்ப்பாள்தான், பூட்டு இல்லை. சம்பள விவரம் போன்றவை இருந்தால் கோப்புக்குப் பாஸ்வேர்டு போடுங்கள்.

கேள்வி: ஆப் முழுக்க பிரிண்ட் எடுக்கும் கண்ட்ரோல்+பி வேண்டாம்.

‘ஆட்டோகீஸ்’ என்ற பெயரில் ஒரு மேக்ரோ (கட்டளைத் தொகுப்பு) உருவாக்குங்கள். அதற்குள் சப்மேக்ரோவின் பெயரே விசை: கண்ட்ரோலுக்கு ^, ஷிஃப்ட்டுக்கு +. உள்ளே ஒரு மெசேஜ் பாக்ஸ் போதும். ஆல்ட் சேர்ந்த விசைகளை இதில் பிடிக்க முடியாது.

கேள்வி: பள்ளிக் கட்டண ஃபார்மில் கண்ட்ரோலும் மைனஸும் சேர்ந்து பட்டு ஒரு ரெக்கார்டு அழிந்தது. அந்த ஃபார்மில் மட்டும் எப்படித் தடுப்பது?

விசையைத் தடுக்க வழி இருக்கிறது. ஃபார்மின் ‘கீ பிரிவ்யூ’வை யெஸ் ஆக்கி, விசை அழுத்தும்போது நடக்கும் கீ டவுன் நிகழ்வில் அந்தச் சேர்க்கை வந்தால் கீகோடை (விசையின் எண்) 0 ஆக்கினால் போதும், ஆக்சஸுக்கு அது போய்ச் சேராது. எஃப்1 உதவியையும் இப்படியே நிறுத்தலாம். ஆனால் உங்கள் பிரச்சினை விசையில் இல்லை. ரெக்கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் ரெக்கார்டு செலக்டரைக் கிளிக் செய்து டெலீட் அழுத்தினாலும் அதே ரெக்கார்டு போகும், ரிப்பனிலும் டெலீட் இருக்கிறது. ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே இருப்பீர்கள். ‘அலவ் டெலீஷன்ஸ்’ஸை நோ ஆக்குங்கள், எல்லா வழியும் ஒன்றாக அடைபடும். நீக்குவதற்கென்று உங்கள் பட்டன் ஒன்று வைத்து, யார் அழுத்தினார்கள் என்று பதிவும் செய்யுங்கள். பணம் சம்பந்தப்பட்ட ஃபார்ம், இது கட்டாயம் வேண்டும்.

கேள்வி: ஆப்பை மூடிவிடும் ஆல்ட்+எஃப்4?

ஃபார்ம் மூடும்போது நடக்கும் அன்லோடு நிகழ்வில் கேன்சலை ட்ரூ ஆக்குங்கள். உங்கள் ‘வெளியேறு’ பட்டனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

கேள்வி: பேசாமல் எல்லா ஷார்ட்கட்டையும் எடுத்துவிடலாமா?

வேண்டாம். கண்ட்ரோலும் ஒற்றை மேற்கோள் குறியும் சேர்ந்தால் முந்தைய ரெக்கார்டின் அதே மதிப்பு வந்து விழும், கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் இன்றைய தேதி வரும். நாள் முழுக்க என்ட்ரி போடுபவருக்கு இவை எவ்வளவு பெரிய உதவி! அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து எதையெல்லாம் அழுத்துகிறார் என்று பாருங்கள், அப்புறம் பட்டியல் போடுங்கள்.