அந்தப் பட்டப்பெயர் என்ன?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். ஜியாமெட்ரி பாக்ஸுக்காக இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள். கைகுலுக்க வைத்து அனுப்பினேன். மறுநாள் ஒருவனின் தந்தை வகுப்புக்குள் நுழைந்து மற்றவனை மிரட்டினார். அதற்கடுத்த நாள் மிரட்டப்பட்டவனின் தாய் வந்து என்னைத் திட்டித் தீர்த்தார். முன்பென்றால் ஆளுக்கு இரண்டு போட்டு முடித்திருப்போம். இப்போது பிரம்பைத் தொட முடியவில்லை. பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொண்டு, இந்தச் சண்டைகளிலிருந்து ஒதுங்கிவிடலாமா?
- ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: ஒதுங்க முடியாது அம்மா. மேலே அச்சாகியிருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் அந்தத் தந்தையும் தாயும் பேசிய பேச்சுக்கே போயிருக்க, பையன்களைப் பற்றி இருப்பது சில வரிகளே; அவற்றுள் ஒன்று, "ஏதோ பட்டப்பெயர் சொன்னானாம்" என்று போகிற போக்கில் எழுதியது. அந்தப் பட்டப்பெயர் என்ன என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸ் சாக்காக இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பையன் கையை ஓங்கியது அந்தச் சொல்லுக்காகவும் இருக்கலாம்.

அது நிறத்தையோ உடம்பையோ பற்றிய கேலி என்றால் வகுப்பிலேயே திருத்திவிடலாம். சாதியைத் தொட்ட சொல் என்றால், தலைமை ஆசிரியருக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டிய செய்தி அது. 2023 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில் சாதிப் பகையால் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள் என்பதையும், அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது என்பதையும் நான் உங்கள் மாவட்டத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரம்பைப் பற்றி வருந்தாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பிரம்பு இருந்த காலத்திலும் அது யாரிடமும் என்ன நடந்தது என்று விசாரித்ததில்லை. நீங்கள் செய்து வைத்த கைகுலுக்கலும் அதே வேலையைத்தான் செய்தது. இருவரும் ஆளுக்கொரு பாதிக் கதையோடு வீட்டுக்குப் போனார்கள். மீதியை வீட்டிலிருந்தவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். அன்று மாலையே இருவர் சொன்னதையும் தனித்தனியே கேட்டு நாள், நேரத்தோடு எழுதி வைத்து, இரண்டு வீட்டுக்கும் நீங்களே முந்திக்கொண்டு தொலைபேசியில் பேசியிருந்தால், அந்தத் தந்தை மறுநாள் வந்திருந்தாலும் இவ்வளவு கொதிப்போடு வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. பெற்றோர் எவரும் வகுப்பறைக்குள் வந்து அடுத்தவர் பிள்ளையை விசாரிக்கக் கூடாது என்பதில் நீங்கள் அசையவே கூடாது. "உங்கள் மகனைப் பற்றிப் பேசலாம், தலைமை ஆசிரியர் அறைக்கு வாருங்கள்" என்று சொல்லி வெளியே அழைத்துப் போங்கள். இரு குடும்பங்களையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்து நடத்தாதீர்கள். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரிகூடப் பதில் எழுதாதீர்கள்.

பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தாய் உங்களை இதற்கு முன் எப்போது பார்த்தார்? முதல் சந்திப்பே சண்டையன்றுதான் என்றால், அவருக்கு நீங்கள் எதிர்க்கட்சியாகத்தான் தெரிவீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்தாம்; கூட்டம் பெரும்பாலும் தேநீரோடும் கையெழுத்தோடும் முடிந்துவிடுகிறது என்பது வேறு கதை.

நாளைக் காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும், அடித்த பையனைத் தனியே அழைத்து, மற்றவன் என்ன சொன்னதற்காக அடித்தாய் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.