கும்பிடுபூச்சி முட்டைக்கு ஃபிரிட்ஜ் எதற்கு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடியைக் கழித்தபோது, ஒரு குச்சியில் கொட்டைப்பாக்கு அளவில், நுரை காய்ந்தது போல ஏதோ ஒட்டியிருந்தது. கும்பிடுபூச்சி முட்டை என்கிறான் பையன். வீட்டிலேயே பொரிக்க வைத்துப் பார்க்க ஆசை. சில வாரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்தானாம். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பனி கொட்டும் நாடுகளில் இந்த முட்டைகள் குளிர்காலம் முழுக்க உறங்கிவிட்டு, வெயில் திரும்பியதும் பொரியும். ஃபிரிட்ஜ் யோசனை அங்கிருந்து வந்தது. நம் ஊர்ப் பூச்சிக்கு மார்கழியே அதிகம். இட்டதிலிருந்து ஏறக்குறைய 4 முதல் 6 வாரத்தில், சாதாரண அறைச் சூட்டிலேயே பொரிந்துவிடும். என்றைக்கு இட்டது என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா, நாளைக்கே பொரிந்தாலும் பொரியும்.

முதலில் கூட்டை உற்றுப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போலப் பொடி ஓட்டைகள் இருந்தால், குட்டிக் குளவி ஒன்று முந்திக்கொண்டது என்று அர்த்தம். கும்பிடுபூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைப்பதே அதன் பிழைப்பு. இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், சில முட்டைகள் தப்பியிருக்கும்.

பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். செடியில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதே வாக்கில் குச்சியை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். கூட்டுக்குக் கீழே நாலு விரல் இடம் கட்டாயம் வேண்டும். குஞ்சுகள் மெல்லிய இழையில் தொங்கியபடிதான் முதல் தோலை உரிக்கும். இடமில்லாவிட்டால் கால் கோணிவிடும். வாய்க்குப் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். கொசுவலை ஆகாது, எறும்பளவு குஞ்சு அதில் புகுந்து வந்துவிடும். உங்கள் பக்கம் கடற்காற்றிலேயே ஈரம் உண்டு. மூன்று நாளைக்கு ஒருமுறை துணிமேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் சரி. கூடு நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எறும்பு வராமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே பாட்டிலை வையுங்கள். கொசுவர்த்தி ஏற்றும் அறை வேண்டாம். கொசு மருந்துப் புகை அடிக்க மாநகராட்சி ஆட்கள் தெருவுக்கு வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

பொரிந்தால் ஒரே மூச்சில் 50, 100 என்று கொட்டும். பையன் அன்று பள்ளிக்கு மட்டம் போட்டாலும் தப்பில்லை என்பேன். ஆனால் ஒரு நாளுக்கு மேல் ஒன்றாக வைக்காதீர்கள், பசித்தால் ஒன்றையொன்று தின்னும். மறுநாள் காலையில் மாடிச் செடிகளில் பரவலாக விட்டுவிடுங்கள். வளர்க்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்றை மட்டும், தனித்தனி டம்ளரில். அழுகும் வாழைப்பழத்தில் மொய்க்கும் பொடி ஈதான் அதற்குச் சாப்பாடு. பெரிய ஈயைப் போட்டால் குஞ்சுதான் பயந்து ஓடும்.

இரண்டு மாதமாகியும் ஒன்றும் வரவில்லையா? நீங்கள் வெட்டும் முன்பே பொரிந்த காலிக் கூடாக இருக்கலாம். பொரிந்த பிறகும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது.