மாத்திரையை ஒளித்து வைத்துப் போடுகிறேன், குழந்தைக்கு ஆபத்தா?

கேள்வி: 7 மாத கர்ப்பிணி நான். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மாத்திரை எடுக்கிறேன். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. அதனால் சத்து மாத்திரை டப்பாவில் ஒளித்து வைத்து, காலையில் வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறேன். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே என்ன செய்வது? தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த டப்பா விஷயம். அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இப்போது பெரும்பாலானோருக்குத் தரும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். இல்லையென்றால் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பே இதைப் போட்டுவிடுங்கள். இத்தனை நாள் எப்படிப் போட்டீர்கள் என்பதை மையத்தில் மறைக்காமல் சொல்லி, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முன் அந்த எண் தெரிந்தாக வேண்டும்.

சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். தாயும் குழந்தையும் ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். நான் பார்த்தவரை, மாத்திரை விட்டுப்போவது மறதியால் அல்ல, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்ற பயத்தால்தான். அம்மா ஊருக்குப் பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்துக்கு இப்போதே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், பாட்டி ஆசையாகப் புகட்டும் ஒரு சங்கு பசும்பால்: இவை தாய்ப்பாலோடு கலக்கும்போதுதான் தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. "டாக்டர் தண்ணீர்கூடக் கூடாதென்றார்" என்று சொல்லிவிடுங்கள். எல்லாத் தாய்மார்களுக்கும் நாங்கள் சொல்வதுதான், யாருக்கும் சந்தேகம் வராது.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து குறைந்தது 6 வாரம் மருந்து உண்டு. 6-வது வாரம் ரத்தப் பரிசோதனை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இதற்கு வராமலே இருந்துவிடும் தாய்மார்கள் உண்டு. அதே வாரத்தில்தான் தடுப்பூசியும் வருகிறது, வீட்டில் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். 18 மாதத்தில் கடைசிப் பரிசோதனை.

பிரசவ ஆஸ்பத்திரியில் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அம்மாவிடம் சொல்வது உங்கள் இஷ்டம். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், பிள்ளை பெற்ற அலுப்பில் நீங்கள் தூங்கிவிட்டாலும் மாத்திரைக்கு எழுப்ப ஆள் இருக்கும். தனியாகச் சொல்லத் தயக்கமென்றால் நம்பிக்கை மைய (அரசு எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான்.