கொறடாவும் தார்க்குச்சியும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ அமெரிக்கத் தொடரை வீட்டில் பார்த்தோம். முதல் சீசன் முடிந்தது. நடிப்பெல்லாம் பிரமாதம். ஆனால் ஒரு கொறடா ஒவ்வொரு ஓட்டுக்கும் இப்படிக் கெஞ்சி, மிரட்டி, அலைவாரா? நம் பக்கம் கொறடா என்றால் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர்தானே? நம்பவே முடியவில்லை.

ர., திருத்தணி

அன்புள்ள ர,

எங்கள் வீட்டிலும் இதே சந்தேகம் வந்தது. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் தறிச் சத்தம் அடங்கும், அப்புறம்தான் டிவி. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்பார். காதல், கொலை எதிலும் அக்கறை கிடையாது. ஓட்டெடுப்பு வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, “இவன் பக்கம் எத்தனை பேர்?” என்பார்.

அமெரிக்காவில் கட்சி சொன்னதற்கு எதிராக ஓட்டுப் போட்டாலும் உறுப்பினரின் பதவி போகாது. லண்டனிலும் கட்சியை விட்டு விலக்கலாம், தொகுதியைப் பிடுங்க முடியாது. அதனால் அங்கே கொறடாவுக்கு ஒவ்வொருவரின் ஆசையும் கடனும் அந்தரங்கமும் தெரிந்திருக்க வேண்டும். மூலநாவலை எழுதிய மைக்கேல் டாப்ஸ் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சிக்குள்ளேயே வேலை பார்த்தவர். அந்த அலைச்சல் அவர் கண்ணால் பார்த்தது.

நமக்கு 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். (போகலாம் என்றுதான் சொல்ல முடியும். 2017-இல் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை ஓட்டெடுப்பில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 அதிமுக எம்எல்ஏக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிவு சபாநாயகர் கையில்.) ஆக, ஒவ்வொருவராக வளைக்கிற வேலை இங்கே கொறடாவுக்குக் குறைவு. ஆட்களை மொத்தமாக ஓரிடத்தில் வைத்துக் காப்பதுதான் பெரிய வேலை. அதே 2017-இல் அதிமுக எம்எல்ஏக்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்பா பார்த்தது அந்தச் சட்டத்துக்கும் முந்தைய ஆட்டம். 1984 ஆகஸ்ட் 16, அமெரிக்காவில் இதய அறுவை முடிந்து திரும்பியிருந்த ஆந்திர முதல்வர் என்.டி.ஆரை ஆளுநர் ராம்லால் நீக்கிவிட்டு, நாதெண்டல பாஸ்கர ராவை முதல்வராக்கினார். என்.டி.ஆர் பக்கத்து எம்எல்ஏக்களைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் டீக்கடை பெஞ்சில் தறிக்காரர்கள் தார்க்குச்சிகளை (தறி நாடாவுக்குள் போடும், நூல் சுற்றிய குச்சிகள்) எம்எல்ஏவுக்கு ஒன்றாக இரண்டு குவியலாக வைத்திருந்தார்களாம். ஒருவர் தெலுங்குப் பேப்பரை உரக்கப் படிப்பார். யாராவது கட்சி மாறினதாகச் செய்தி இருந்தால் ஒரு குச்சி இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குப் போகும். சாயங்காலம் பேப்பர் பொய் என்று தெரிந்தால் குச்சி திரும்பி வரும். ஒருமுறை டீக்கடைக்காரர் மகன் நாலு குச்சியை விளையாட எடுத்துப் போய்விட, அரை நாள் பாஸ்கர ராவ் கவிழ்ந்தே கிடந்தார். 31 நாள் இப்படி. செப்டம்பர் 16 அன்று என்.டி.ஆர் மறுபடி முதல்வர்.

இதையெல்லாம் பார்த்தவருக்கு அமெரிக்கத் தொடரின் கொறடா ஃபிராங்க் அண்டர்வுட் கொஞ்சம் இளப்பமாகத்தான் தெரிந்தார். “இவ்வளவு கஷ்டப்படறதுக்கு ரெண்டு பஸ் பிடிச்சிருக்கலாமே” என்றார்.

இரண்டாம் சீசனுக்குப் போகும் முன் 1990-இல் பிபிசி எடுத்த பழைய தொடரைப் பாருங்கள். நாலே பகுதி. பிரதமர் தாட்சரின் தலைமைக்கே போட்டி வந்த அதே நவம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதில் கொறடாவாக வருபவர் முகத்தில் கோபமே இருக்காது, நம்மைப் பார்த்து மெல்லச் சிரிப்பார். அவரைப் பார்த்ததும் அப்பா முதல்முறையாக எண்ணிக்கை கேட்கவில்லை. “இவன் வீட்லயே குச்சி வெச்சிருப்பான்” என்றார்.